பில் போட்டது குற்றமா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்து வீடியோவை உங்களில் பாதிப்பேர் பார்த்திருப்பீர்கள். நான் படித்த பள்ளிக்கூடத்தின் கட்டடத்துக்குப் பிளான் கீறியதற்கு எங்கள் கட்டடக்கலை அலுவலகம் பில் போட்டது. பழைய மாணவர் சங்கத்து அண்ணை அந்த பில்லில் ஒரே ஒரு வரியை மைக்கில் வாசித்துவிட்டு, "படிச்ச பள்ளிக்கூடத்துக்கே பில் போடுறாங்கள்" என்றார். மண்டபம் கைதட்டியது. நானும் அங்கேதான் இருந்தேன். அண்ணை என்னைப் பார்த்துவிட்டுத்தான் வாசித்தார்.

பிளானும் கட்டடச் செலவுதான். கல்லுக்கும் கம்பிக்கும் சீமெந்துக்கும் காசு கொடுக்கும்போது யாரும் பள்ளிக்கூடப் பற்றைப் பற்றிக் கதைப்பதில்லை. பிளானுக்கு மட்டும் ஏன் பற்று ஞாபகம் வருகிறது?

"பள்ளிக்கூடம் கட்டித்தான் இவங்கள் பெரியாளானது" என்று ஒருவர் கொமென்ட் போட்டிருக்கிறார். எங்கள் அலுவலகக் கணக்கைப் பார்ப்பது நான். வேலை நேரத்தில் பாதி பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது. வருமானத்தில் அது கால்வாசிகூட இல்லை. எங்கள் அலுவலகத்தில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குச் சம்பளம் வருவது வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் ஊரில் கட்டும் வீடுகளிலும் கல்யாண மண்டபங்களிலும் இருந்துதான். அரசாங்கக் கட்டடம் என்றால் பெரும்பாலும் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி வரைபடம்தான், எங்களுக்கு அங்கே வேலையே இல்லை. வெளிநாட்டு நிதியில் பெரிய திட்டம் வந்தால் இத்தனை கோடி வருட வருமானம் காட்டு, இதே அளவு வேலை செய்த அனுபவம் காட்டு என்று கேள்விப் பத்திரத்தில் (டெண்டரில்) இருக்கும். அது கொழும்புக் கம்பனிகளுக்குப் போய்விடும். பள்ளிக்கூட வேலையில் மிச்சம் இருப்பது பழைய மாணவர் சங்கங்கள்தான். அங்கே பேச்சு தொடங்குவதே "தம்பி, உன்ர பள்ளிக்கூடம்தானே" என்றுதான்.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய நேரம் எங்களுக்கு இரண்டு பள்ளிக்கூட வேலைகள் கையில் இருந்தன. கொன்றாக்டர்கள் விலை உயர்வு கேட்டு வாங்கினார்கள். அது நியாயம், இல்லாவிட்டால் வேலை நின்றிருக்கும். எங்கள் தொகை ஒப்பந்தத்தில் எழுதிய பழைய ரூபாவிலேயே நின்றது. அதிலும் ஒரு பகுதி இன்னும் வரவில்லை. அதை ஒருவரும் மைக்கில் வாசிக்கவில்லை.

இலவசப் பிளான் என்ன செய்யும் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வடமராட்சியில் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். நாங்கள் இன்னொரு இடத்துக்குக் கீறிய வகுப்பறைத் தொகுதியை யாரோ பிரதி எடுத்து அங்கே கட்டியிருந்தார்கள். எங்கள் பிளானில் யன்னல்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும், சோழகக் காற்று தெற்கால் வந்து வகுப்புக்குள்ளால் போகும். அங்கே கட்டடத்தை அப்படியே திருப்பி வைத்துவிட்டார்கள். கொடையாளியின் பெயர்ப்பலகை றோட்டுக்குத் தெரிய வேணுமாம். இப்போது யன்னல்கள் கிழக்கே பார்க்கின்றன. காலை ஏழரை மணிக்கே வெயில் பிள்ளைகளின் கொப்பிக்கு மேல். வகுப்பாசிரியை பழைய சேலை ஒன்றை யன்னல் கம்பியில் கட்டியிருந்தார். சேலை கட்டியதால் வகுப்பு இருட்டு, அதனால் பகலிலும் லைட். தெற்கே இருப்பது மொட்டைச் சுவர், சோழகம் அதில் போய் முட்டுகிறது. முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கொப்பியை முகத்துக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தது. அந்தக் கட்டடம் இன்னும் ஐம்பது வருடம் அப்படியே நிற்கும்.

"அந்தக் காலத்தில் கட்டடக் கலைஞரையா பார்த்தார்கள்?" என்று கேட்பவர்கள் எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பார்க்கட்டும். 1959இல் திறந்த அந்தக் கட்டடத்தை வடிவமைக்கச் சென்னையிலிருந்து கட்டடக் கலைஞர் நரசிம்மனை அழைத்தார்கள் எங்கள் பெரியவர்கள். நல்ல கட்டடத்துக்குக் கடல் தாண்டி ஆள் தேடிய ஊர் இது.

லண்டனிலிருந்து ஒரு தம்பி கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கெரேயின் படத்தைப் போட்டு "இவரைப் பார்" என்கிறார். பார்க்கிறேன், எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். பெர்லினில் மாணவராக இருந்தபோதே சங்கம் அமைத்து நிதி திரட்டி, புர்கினா பாசோவில் தன் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டினார். 2001இல் அது முடிந்தது. சுவருக்கு மேலே தூக்கி வைத்த தகரக் கூரை, இடையால் சூடு வெளியே போகும். 2022இல் கட்டடக் கலைக்கான உலகின் பெரிய விருதான பிரிட்ஸ்கர் விருது அவருக்குக் கிடைத்தது. சரி தம்பி, அந்தக் கூரையை யாரோ இருந்து யோசித்ததால்தானே அங்கே பிள்ளைகள் வெக்கையில்லாமல் படிக்கிறார்கள்? அந்த யோசனைக்குத்தான் நாங்கள் பில் போடுகிறோம்.

தீவுப்பகுதியில் கையில் காசே இல்லாத பள்ளிக்கூடங்களுக்கு நாங்கள் ஒரு சதம் வாங்கியதில்லை. அதை இதுவரை எழுதியதும் இல்லை. இன்று எழுத வைத்துவிட்டார்கள். கோடிக்கணக்கில் சேர்த்த சங்கம் அந்தப் பள்ளிக்கூடங்களோடு வரிசையில் நிற்கக் கூடாது.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஊரில்தான் வேலை செய்வேன் என்று வந்த ஒரு பிள்ளை எங்களோடு இருந்தாள். வகுப்பறை வெளிச்சத்துக்காக இரவிரவாக மாதிரி செய்து பார்ப்பாள். போன வருடம் டோகாவுக்குப் போய்விட்டாள். அவள் கேட்ட சம்பளம் பெரிதல்ல, என்னால் கொடுக்க முடியவில்லை. "படிச்சதுகள் எல்லாம் ஊரை விட்டு ஓடுதுகள்" என்று அதே மேடையில் அதே அண்ணை கவலைப்பட்டார். அண்ணை, அவளை இங்கே வைத்திருக்கக்கூடிய காசு நீங்கள் கைதட்டு வாங்கிய அந்த பில்லில் இருந்தது.

நிர்வாகக் குழுவிடம் நான் கேட்பது ஒன்று. கட்டடத்தின் முழுக் கணக்கையும் பகிரங்கமாகப் போடுங்கள். திறப்பு விழாப் பந்தல், விழா மலர், கறுப்புக்கல் பெயர்ப்பலகை எல்லாம் அதில் வரட்டும். எங்கள் பில்லை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அதற்குப் பக்கத்தில் போடுங்கள்.