‘நைஸ்’ என்றால் ‘நல்ல’வாம், போங்கய்யா!

ஆங்கில ‘நைஸ்’ (nice) என்றால் ‘நல்ல’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவுகிறவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அதை நம்பி ‘எ நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்பதை ‘நல்ல வேறுபாடு’ என்று மொழிபெயர்க்கிறார்கள். நாசமாப் போச்சு! அது மயிரிழை வேறுபாடு. உற்றுப் பார்த்தால்தான் பிடிபடும் நுணுக்கம். ‘நல்ல’ எங்கிருந்து வந்தது?

பிறப்பைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’. ‘நெ’ என்றால் இல்லை, ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். ஆக, ஒன்றும் அறியாதவன். (‘சயின்ஸ்’ பிறந்ததும் அதே ‘ஸ்கீரே’யில்தான்!) பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘நைஸ்’ என்றால் மடத்தனமான என்று பொருள். அப்புறம் எதிலும் நொட்டை சொல்கிற, அப்புறம் நுணுக்கமான. ‘இனிமையான’ என்ற பொருள் நிலைத்ததே 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். பழைய பிரதியில் எவனையோ மடையன் என்று திட்டியிருப்பதை ‘நல்லவன்’ என்று எழுதி, திட்டைப் பாராட்டாக்கிவிடுகிறார்கள்.

இன்றைய பேச்சிலாவது ஒழுங்கா? ‘நைஸ் அண்ட் வார்ம்’ என்றால் நல்லதும் சூடானதும் இல்லை. இதமான சூடு, அவ்வளவுதான். ‘எ நைஸ் மெஸ்’ (அழகான குளறுபடி!) என்பது குத்தல். நாமும் ‘நல்ல வேலை பார்த்தே போ’ என்று குத்துவோமே, அங்கே மட்டும் ‘நல்ல’ கச்சிதமாக உட்காரும்.

‘டு’, ‘ஆஃப்’ போன்ற உருபுச் சொல்லில் விழும் அடி தனி. ‘பி நைஸ் டு ஹிம்’ என்றால் அவனிடம் அன்பாக நடந்துகொள். ‘நைஸ் ஆஃப் யூ’ என்றால் நீங்கள் செய்த அந்த ஒரு காரியத்துக்குப் பாராட்டு. இரண்டுக்கும் ‘வித்’ போட்டு ஒப்பேற்றாதீர்கள். ‘நைஸ் டு மீட் யூ’ முதல் சந்திப்பில், பார்த்தவுடன் சொல்வது. கிளம்பும்போது ‘நைஸ் மீட்டிங் யூ’. மறுமுறை பார்த்தால் ‘மீட்’ கிடையாது, ‘நைஸ் டு சீ யூ’. பத்தாவது தடவை பார்க்கிறவரிடமும் ‘மீட் யூ’ என்று இளித்தால், ‘என்னை ஞாபகமே இல்லையா?’ என்றுதான் அவர் நினைப்பார். ‘ரெட் நைஸ் பேக்’ என்றும் சொல்லாதீர்கள். அபிப்பிராயம் முன்னால், நிறம் பின்னால்: ‘நைஸ் ரெட் பேக்’.

பிரான்சில் இதே எழுத்துகளோடு ஓர் ஊர் இருக்கிறது. அது ‘நீஸ்’. இந்தச் சொல்லோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இத்தனைக்கும் நாமே ‘நைசா நழுவிட்டான்’ என்கிறோம், ‘நைஸ் பண்ணிக் காரியத்தை முடிச்சுட்டான்’ என்கிறோம், ‘பவுடர் நைசா இருக்கு’ என்கிறோம். எங்கே, அந்த ‘நல்ல’வை இதில் ஒன்றிலாவது பொருத்திக் காட்டுங்கள் பார்ப்போம்!