பகட்டைச் சொல்லும் ‘காடி’யும் கட்டடக் கலைஞர் கௌடியும்

மிகையான பகட்டைக் குறிக்கும் ‘காடி’ (gaudy) என்ற ஆங்கிலச் சொல், பார்சிலோனாவின் சக்ரதா ஃபமிலியா தேவாலயத்தை வடிவமைத்த அந்தோனி கௌடியின் (Gaudí) பெயரிலிருந்து வந்தது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஆங்கில எழுத்துகளில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் காலம் ஒத்துவரவில்லை.

கௌடி பிறந்தது 1852-இல். அதற்கு ஏறத்தாழ 250 ஆண்டுகள் முன்பே ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் இந்தச் சொல் இதே பொருளில் வந்துவிட்டது. முதல் அங்கம், மூன்றாம் காட்சியைப் பாருங்கள். பிரான்சுக்குக் கிளம்பும் மகன் லேயர்டீஸுக்குப் பொலோனியஸ் புத்தி சொல்கிறார்: பணப்பை தாங்கும் அளவுக்கு விலை கொடுத்து உடை வாங்கிக்கொள், செழிப்பாக இருக்கட்டும், ‘காடி’யாக வேண்டாம். நாடகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்தக் காட்சியைத் திறந்து சொல்லைத் தேடினால் போதும். கௌடி பிறந்த ஆண்டு எந்தக் கலைக்களஞ்சியத்திலும் இருக்கும். அத்தனை உழைப்பில் எழுந்த கட்டடங்கள்மீது இந்தப் பழி விழுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அகராதிகள் இச்சொல்லை ‘காட்’ (gaud) என்ற பழைய சொல்லோடு சேர்க்கின்றன. பளபளக்கும் மலிவான அணிகலன் என்று பொருள். ஜெபமாலையில் இடையிடையே கோக்கும் பெரிய மணிகளுக்கும் அந்தப் பெயர் உண்டு. 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய கதைகளில் வரும் மடத் தலைவியின் கையில் பவள ஜெபமாலை இருக்கும். அதில் இடையிட்ட பச்சை மணிகளைச் சாசர் இந்த வேர்ச்சொல்லால்தான் குறிக்கிறார்.