அழுகிற முகத்தை விட்டுவிட்டுக் கையைக் காட்டுங்கள்

டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை) உள்ள ஒருவர் மேடையில் நின்று பாட்டுக்குச் சைகை செய்கிற வீடியோ எப்போது வந்தாலும், கீழே முக்கால்வாசி அழுகிற எமோஜியும் ‘கடவுளின் குழந்தை’யும்தான். அன்பில்தான் சொல்கிறார்கள், அது புரிகிறது. ஆனால் மேடையில் அவர் என்ன செய்தார் என்று ஒருவர்கூட எழுத மாட்டேன் என்கிறார்களே, அதுதான் என் ஆதங்கம்.

போன வாரம் பார்த்தது அமெரிக்காவில் ஒரு தேவாலயத்தில் எடுத்தது. நம்பிக்கை ஊட்டுகிற ஒரு பாட்டு. பாடகர் ஒரு சொல்லை நீட்டி இழுக்கும்போது, மேடையில் சைகை செய்த பெண் கையைக் கீழே போடவில்லை. நெஞ்சருகே ஆரம்பித்த சைகையை மெல்ல மேலே கொண்டுபோய், குரல் நிற்கிற இடத்தில் சரியாக நிறுத்தினார். அடுத்த வரி ஒரு கேள்வி, உடனே புருவம் ஏறியது. அமெரிக்கச் சைகை மொழியில் ஆமாம், இல்லை என்று பதில் வரவேண்டிய கேள்விக்குப் புருவத்தை உயர்த்துவது இலக்கணம். டவுன் சிண்ட்ரோம் உள்ள பலருக்கு விரல்கள் குட்டையாக, மூட்டுகள் தளர்வாக இருக்கும், அதனால் நுணுக்கமான விரல் வடிவங்கள் சிரமம். இவர் தோளிலிருந்து முழுக் கையையும் வீசிப் பாட்டின் வேகத்தைப் பிடித்தார். யோசித்து, பழகிச் செய்த வேலை அது. சரியாக அந்த நேரம் பார்த்து கேமரா அவரை விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா பக்கம் திரும்பிவிட்டது. எனக்குக் கோபமே வந்துவிட்டது. பாடகர் பாடிக்கொண்டிருக்கும்போது யாராவது மைக்கை அணைப்பார்களா?

பெரிய மேடையிலும் இதுதான் நடக்கிறது. 2020இல் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் காது கேளாத கலைஞர் கிறிஸ்டின் சன் கிம் அமெரிக்க தேசிய கீதத்தைச் சைகையில் பாடினார். தொலைக்காட்சியில் அவரைச் சில விநாடிகள்தான் காட்டினார்கள், அப்புறம் கேமரா விளையாட்டு வீரர்களிடம் போய்விட்டது. அந்த ஏமாற்றத்தை அவரே நியூயார்க் டைம்ஸில் எழுதினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு வாய்த்தசை தளர்வாக இருக்கும், நடுக்காதில் நீர் கோத்துக் கேட்கும் திறனும் அடிக்கடி குறையும். பேச வருவதைவிடப் புரிவது அதிகம். அதனால் பலருக்கு வாய்க்கு முன்னால் கைதான் பேச ஆரம்பிக்கிறது. இங்கிலாந்தில் 1970களில் மார்கரெட் வாக்கர் என்ற பேச்சுப் பயிற்சியாளர் தன் குழுவோடு உருவாக்கிய மேக்கட்டன் முறையில், பேசிக்கொண்டே முக்கியச் சொற்களுக்கு மட்டும் சைகை காட்டுவார்கள். கையில் பழக்கினால் வாய் பேசாமல் போய்விடும் என்று பயப்படுகிற பெற்றோர் உண்டு, ஆனால் பேச்சு வர வரப் பிள்ளைகளே சைகையைக் குறைத்துக்கொள்கிறார்கள். 2018 மார்ச்சில், உலக டவுன் சிண்ட்ரோம் தினத்தை ஒட்டி, அங்கே 50 அம்மாக்கள் தங்கள் நாலு வயதுப் பிள்ளைகளோடு காரில் உட்கார்ந்து ஒரு பாட்டுக்கு மேக்கட்டன் சைகை செய்தார்கள், உலகமே பார்த்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அது விழாவுக்காகக் கற்றுக்கொண்ட வித்தை இல்லை, பால் கேட்கவும் தூக்கச் சொல்லவும் தினமும் வீட்டில் அசைகிற அதே கைகள். அதனால்தான் இப்படிப்பட்ட ஒருவர் மேடையில் சைகை செய்யும்போது, ‘பாவம், இதையாவது செய்கிறாரே’ என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்குவதில்லை.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் வெப்ஸ்டரைப் பாருங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர், 2021இல் பிபிசியின் சிறுவர் சேனலில் தொகுப்பாளர் ஆனார், மேக்கட்டனும் பயன்படுத்துகிறார். 2022இல் சிறந்த தொகுப்பாளருக்கான பாஃப்டா (பிரிட்டனின் திரைப்பட, தொலைக்காட்சி அகாடமி) விருது வாங்கினார். வேலை, சம்பளம், விருது எல்லாம் முறையாக.

சரி, மரியாதை என்றால் குறை சொல்வதும் சேர்த்துத்தான். மேக்கட்டன் முழுச் சைகை மொழி கிடையாது. பாட்டு வரிகளை அதே வரிசையில் சைகையாக்கினால் காது கேளாதவர்களுக்குப் பல சமயம் பொருள் பிடிபடாது, அவர்கள் அதைச் சொன்னால் ‘இந்தப் பெண்ணைப் போய்க் குறை சொல்கிறீர்களே’ என்று பாயாதீர்கள். மேடை ஏற்பாடு செய்கிறவர்கள் காது கேளாத ஓர் ஆசிரியரை ஒத்திகைக்கு அழைக்கட்டும், பாடகருக்குக் கொடுப்பதுபோல இவருக்கும் காசு கொடுக்கட்டும். நீங்கள் அந்த வீடியோவைப் பகிர்ந்தால், எந்த வரியில் அவர் கை உங்களைப் பிடித்து நிறுத்தியது என்று ஒரு வரி எழுதுங்கள்.