அன்னாசி கம்மி மிட்டாய் இறுகவில்லையா? ஜெலட்டின் போலி அல்ல

“அன்னாசிச் சாற்றில் கம்மி மிட்டாய் செய்து பாருங்கள். இறுகவில்லை என்றால் நீங்கள் வாங்கிய ஜெலட்டின் போலி.” இப்படி ஒரு தகவல் சென்னை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. இதை நம்பிப் பாவம் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

மிட்டாயை இறுக வைக்கும் ஜெலட்டின் ஒரு புரதம். சூடாக்காத பச்சை அன்னாசியில் உள்ள ப்ரோமெலைன் என்ற நொதி புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். அப்புறம் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தாலும் அச்சில் ஊற்றியது ஊற்றியபடி தண்ணியாகத்தான் இருக்கும். பப்பாளி, கிவி, இஞ்சிச் சாற்றிலும் இதே கதைதான்.

சந்தேகமா? ஒரே பாக்கெட் ஜெலட்டினைப் பாதி பச்சைச் சாற்றிலும், மீதியைச் சில நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றிய சாற்றிலும் கலந்து வையுங்கள். கொதித்த சாறு இறுகும், ஏனென்றால் சூட்டில் நொதி செயலிழந்துவிடுகிறது. டின் அன்னாசியும் சூடாக்கப்பட்டதுதான், அதனால் அதிலும் இறுகும்.

இன்னொன்று, ஜெலட்டின் சுமார் 35 டிகிரியிலேயே இளகும். மே மாத மதியத்தில் டிபன் பாக்ஸில் கம்மி உருகினால் அதுவும் கலப்படம் அல்ல, நம்ம ஊர் வெயில்.

ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து வருவது. சைவம் வேண்டும் என்றால் கடல்பாசி, அதாவது சைனா கிராஸ், வாங்குங்கள். அது புரதமே இல்லை, அன்னாசி அதை ஒன்றும் செய்யாது. ஆனால் தண்ணீரில் தனியாகக் கொதிக்க வைத்துக் கரைத்த பிறகே சாற்றைச் சேருங்கள். புளிப்போடு சேர்த்து ரொம்ப நேரம் கொதித்தால் அதன் பிடிப்பு குறைந்துவிடும்.