'கிட்' என்ற வசைச்சொல் அரபியிலிருந்து வந்ததன்று

பிரித்தானியர் ஒருவரை 'கிட்' (git: மடையன், எரிச்சலூட்டுபவன்) என்று ஏசுவது, சினை ஒட்டகத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லைப் படைவீரர்கள் ஊருக்குக் கொண்டுவந்ததால் உண்டான வழக்கு என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் பகிரும் கதைதான் என்றாலும் அதற்குச் சான்று இல்லை.

இச்சொல், ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் நெடுங்காலமாக வழங்கும் 'கெட்' (get) என்பதன் திரிபு. நம் 'பெறு' என்னும் வினை அடைதலையும் ஈனுதலையும் ஒருங்கே குறிப்பதுபோல, ஆங்கில 'கெட்' வினைக்கும் பிள்ளை பெறுதல் என்ற பொருள் முன்பு இருந்தது. அதிலிருந்து 'பெற்ற பிள்ளை' என்றும், பின்னர் இகழ்ச்சியாக 'முறைதவறிப் பிறந்தவன்' என்றும் பொருள் கிளைத்தது. தமிழறிந்தவருக்கு இந்த வேர் எளிதில் விளங்கும் என்பதாலேயே, ஒட்டகக் கதை பரவுவது எனக்கு வருத்தம் தருகிறது.

இன்று பிறப்பைப் பற்றிய குறிப்பு தேய்ந்துவிட்டது. 'மிசரபிள் ஓல்ட் கிட்' என்றால் சிடுசிடுக்கும் கிழவர், அவ்வளவே. ஆயினும் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் அவைத்தலைவர்கள் ஆட்சேபித்த சொற்களுள் இதுவும் ஒன்று.

நிரல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்க நிரலாளர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் 'கிட்' மென்பொருளுக்கும் இவ்வசைச்சொல்லுக்கும் தொடர்பில்லை என்று அந்த நண்பர் சேர்த்திருப்பதும் பிழை. லினக்ஸ் இயங்குதளக் கருவை முன்பே உருவாக்கி, 2005இல் இம்மென்பொருளையும் உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் செய்பவற்றுக்கெல்லாம் தம் பெயரையே வைப்பதாகவும், முதலில் லினக்ஸ், இப்போது கிட் என்றும் தம்மையே கேலி செய்து கூறியிருக்கிறார்.