இருட்டில் நாமே தேடிக் கண்டுபிடிக்கும் பயம்

திடுக்கிட வைக்கும் காட்சிகள் குறைந்தால் பேய்ப்படம் சப்பென்று ஆகிவிடும் என்று பேய்ப்படங்களைப் பட்டியலிட்ட உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2018இல் வந்த ஹெரெடிட்டரி படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் மகன் படுக்கையில் எழுந்து உட்காருகிறான். அறை முழுக்க இருட்டு. அவனுக்குப் பின்னால், சுவர் கூரையைத் தொடும் மூலையில், அம்மா ஒட்டிக்கொண்டிருக்கிறாள். கேமரா அவளைச் சுட்டிக்காட்டுவதில்லை, இசையும் அலறுவதில்லை. நம் கண் தானாகத் துழாவி அவளைக் கண்டுபிடிக்கும்வரை இயக்குநர் ஆரி ஆஸ்டர் பொறுமையாகக் காத்திருக்கிறார். முதல் தடவை பார்த்தபோது ஏதோ நிழல் என்றுதான் நினைத்தேன். ஆள் என்று புரிந்த நொடியில் கை கால் சில்லிட்டுவிட்டது. நாமே தேடி எடுத்த பயம் என்பதால் லேசில் விடுவதில்லை.

இட் ஃபாலோஸ் (2014) படமும் இந்த வகைதான். அதில் ஆளைப் பின்தொடரும் உருவம் ஓடாது, நடந்துதான் வரும். அதனால் பின்னணியில் யார் நடந்து போனாலும் வயிற்றைக் கலக்குகிறது.

சரி, திடுக்கிடலே வேண்டாம் என்று சொல்லவில்லை. தி கான்ஜூரிங் (2013) படத்தில் நிலவறைப் படியில் அம்மா தீக்குச்சி கொளுத்துவாள். காதோரம் இருட்டிலிருந்து இரண்டு கைகள் வந்து தட்டும். பிள்ளைகளின் கைதட்டும் கண்ணாமூச்சி விளையாட்டை முன்பே காட்டி நம்மைப் பழக்கிவிட்டதால்தான் அது அப்படி எடுபடுகிறது. வெறும் சத்தத்தைக் கூட்டினால் உடம்பு அதிரும், அவ்வளவுதான்.

அப்புறம், தி பாபடூக் படத்தைப் பட்டியலில் விட்டுவிட்டீர்களே! அதில் தூக்கமில்லாமல் துவண்டுபோன தாயின் முகம் எனக்குப் பேயைவிடப் பயங்கரமாக இருந்தது.