வலி உணராத பாதத்துக்கு எச்சரிக்கைதான் முதல் தேவை

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜெனான் பாவோவும் ஜெஃப்ரி கர்ட்னரும் வழிநடத்திய குழு 2022இல் வெளியிட்ட மின்னணுக் காயக்கட்டைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, எலிகளின் காயம் ஏறத்தாழ 25 சதவீதம் விரைவாக ஆறியதையே முன்னிறுத்துகிறது. என் பார்வையில் அதைவிட முக்கியமானது, அக்கட்டு காயத்தின் வெப்பநிலையையும் மின்தடுப்பையும் (மின்னோட்டத்தைத் திசு எதிர்க்கும் அளவு) ஓயாமல் அளந்து, அதற்கேற்பக் காயத்துக்குத் தரும் மின்தூண்டலைத் தானே மாற்றிக்கொள்வதாகும். அதைத் தோலோடு ஒட்டவைக்கும், மின்சாரம் கடத்தும் கூழ், 40 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறினால் பிடி தளர்ந்துவிடுவதால், கட்டைப் பிரிக்கும்போது புதிதாக வளர்ந்த மென்தோலும் சேர்ந்து உரிந்துவரும் கொடுமை தவிர்க்கப்படுகிறது. நாள்பட்ட புண்ணுக்குக் கட்டு மாற்றுவதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை நன்றாகப் புரியும்.

நீரிழிவால் பாத நரம்புகள் மரத்துப்போனவருக்குத் தொற்று முற்றினாலும் வலி தெரிவதில்லை. ஆகவே, உடல் தர மறந்த எச்சரிக்கையைக் கருவி தருவதே பெரும் பேறு. அமெரிக்காவின் கால்டெக் (கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) ஆய்வாளர்கள் உருவாக்கி 2025இல் வெளியிட்ட மற்றொரு கட்டு, புண்ணில் ஊறும் நீரைத் தொடர்ந்து உறிஞ்சி, அழற்சியையும் தொற்றையும் காட்டிக்கொடுக்கும் நைட்ரிக் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றை அதில் அளந்தது. அது 20 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது என்பதால், கட்டுரையில் அதற்கும் இடம் தந்திருக்கலாம்.

எனினும், புண்பட்ட பாதத்தின்மீது உடல் எடை விழாமல் காப்பதும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், தடைபட்ட இரத்த ஓட்டத்தைச் சீர்செய்வதும் எந்த உணரியாலும் (சென்சார்) ஈடுசெய்ய முடியாதவை. இவற்றைக் கட்டுரையாளர் ஒரு வரியிலாவது சேர்க்க வேண்டுகிறேன்.